அனிமேஷன் விளக்க வீடியோ: யாழ்ப்பாணத்தில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு மாடி அறை, மூன்று பேர், மூன்று கொம்பியூட்டர். இதுதான் எங்கள் ஸ்டூடியோ. கடைக்காரர், ஆசிரியர், விவசாயச் சங்கத் தலைவர், வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் பழைய மாணவர் என்று வருகிறவர்கள் பலவிதம். கேட்கிற கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லித் தொண்டை காய்ந்து போனதால் எழுதி வைக்கிறோம்.

விளக்க வீடியோ என்றால் விளம்பரம்தானே?

இல்லை. விளம்பரம் "வாங்குங்கோ" என்று கூப்பிடும். விளக்க வீடியோ "இது இப்பிடித்தான் நடக்குது" என்று காட்டும். பார்த்து முடித்தவர் வீட்டுக்குப் போய், சாப்பிட இருக்கும்போது மனிசிக்கு அதைத் தன் வாயால் சொல்லக் கூடியதாக இருந்தால் வீடியோ சரி. சொல்லத் தெரியாமல் "நல்ல வடிவான படம்" என்று மட்டும் சொன்னாரென்றால் நாங்கள் தோற்றுவிட்டோம்.

கமெராவால் எடுத்தால் போதாதா? அனிமேஷன் எதற்கு?

பல நேரம் கமெராவே போதும். கேக் செய்து விற்கும் ஒரு அக்கா எங்களிடம் வந்தபோது, "அக்கா, அடுப்படியில நிண்டு போனால எடுங்கோ, அதுதான் சனத்துக்குப் பிடிக்கும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். கண்ணால் பார்க்கக் கூடியதைக் கீறிக் காட்டுவது வீண் செலவு.

கமெரா போக முடியாத இடம் என்றால்தான் அனிமேஷன். எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: கிணறு. குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறும் மழைக்காலத்தில் மட்டும்தான் ஓடும். நாங்கள் குடிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைத் தண்ணீர். அந்த நன்னீர், கல்லுக்குள் புகுந்திருக்கும் கடல் நீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல் நீர் பாரம் கொஞ்சம் கூட, நன்னீர் கொஞ்சம் குறைவு. கோட்பாட்டுக் கணக்கில் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். இதைத் தலைகீழாகப் பாருங்கள்: மோட்டர் போட்டு மேல்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினாலே கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் பல மடங்கு ஏறி வரப் பார்க்கும்.

இதை எந்தக் கமெரா எடுக்கும்? வெட்டுமுகமாக ஒரு படம், நீலத்தில் நன்னீர், பச்சையில் கடல் நீர், மோட்டர் ஓட ஓடக் கீழிருந்து கூம்பாக எழும்பும் பச்சை. 12 செக்கனில் விளங்கிவிடும். இந்தப் பக்கம் முழுக்க இந்தக் கிணற்று வீடியோவையே உதாரணமாக வைத்துப் பேசுகிறோம், ஏனென்றால் நாங்கள் அதிகம் பிழைவிட்டுப் படித்தது அதில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வன்முறைக்குள்ளான பெண்ணின் கதை, குடிப்பழக்கம், மனநோய் போன்றவற்றில் உண்மை முகத்தைக் காட்ட முடியாது. சின்ன ஊர். முகத்தை மறைத்தாலும் கையைப் பார்த்தே "உது இன்னாரின்ர மகளெல்லே" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கீறிய உருவத்துக்கு அந்தப் பயம் இல்லை.

எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்?

60 முதல் 90 செக்கன். "எல்லாத்தையும் சொல்லோணும், 5 நிமிசமாவது வேணும்" என்பவர்களுக்கு 3 தனி வீடியோ செய்யச் சொல்லுவோம்.

கணக்கு இப்படி: ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 150 சொல் அளவில் போகும். தமிழில் அது நடக்காது. "போகவேண்டியிருந்திருக்கும்" என்பது எங்களுக்கு ஒரே சொல். எங்கள் அனுபவத்தில் நிமிடத்துக்கு 100 சொல் தாண்டினால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். ஆங்கிலத்தில் 90 செக்கனுக்கு எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டு வருபவர்கள், அது தமிழில் 2 நிமிடத்தைத் தாண்டும்போது குரல் கொடுத்தவரைக் குறை சொல்வார்கள். பாவம் அவர்.

முதல் நாள் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

லோகோவைப் பிறகு தரலாம். மூன்று விஷயம் சொன்னால் போதும். யார் பார்க்கப் போகிறார்கள்? பார்த்த பிறகு அவர்கள் என்ன செய்ய வேண்டும்? எங்கே வைத்துப் பார்ப்பார்கள்?

மூன்றாவதை ஒருவரும் யோசிப்பதில்லை. வட்ஸ்அப்பில் பார்ப்பதென்றால் நிமிர்ந்த படம், எழுத்து பெரிதாக வேண்டும். சனசமூக நிலையத்தில் புரொஜெக்டர் போட்டுக் காட்டுவதென்றால் கிடைப் படம், நிறங்கள் அழுத்தமாக வேண்டும், ஏனென்றால் பகல் வெளிச்சத்தில் மெல்லிய நிறம் எல்லாம் வெளிறிப்போகும். ஒரு வைத்தியசாலைக் காத்திருப்பு மண்டபத்துக்கு நாங்கள் ஒன்று செய்தோம். கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான் தெரிந்தது, அங்கே ரீவியின் சத்தத்தை நிறுத்தியே வைத்திருப்பார்கள் என்று. குரலை நம்பிச் செய்த வீடியோ ஊமைப்படமாக ஓடியது. இப்போது இடத்தைப் போய்ப் பார்க்காமல் பேனை எடுப்பதில்லை.

ஸ்கிரிப்டை நாங்களே எழுதித் தரலாமா?

தாராளமாக. உங்கள் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் நாங்கள் அதைப் பிரித்து மேய்வோம், கோவிக்கக் கூடாது. கிணற்று வீடியோவுக்கு முதலில் வந்த வசனம் இது:

"யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீர்வளமானது மிகையான உறிஞ்சுதலின் காரணமாக உவர்நீர் ஊடுருவலுக்கு உட்பட்டு வருகின்றமை அவதானிக்கப்பட்டுள்ளது."

பிழையே இல்லாத வசனம். அறிக்கைக்குப் பொருத்தம். காதால் கேட்டால், "உறிஞ்சுதலின்" வரும்போதே ஆள் போனை வேறு பக்கம் தள்ளியிருப்பார். நாங்கள் மாற்றியது:

"உங்கள் கிணற்றுத் தண்ணீருக்குக் கீழே கடல் இருக்கிறது. மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கீழே இருப்பது ஏறி வரும். ஏறிய உப்பு லேசில் இறங்காது."

ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு படம் தானாக வருகிறதா என்று பாருங்கள். முதல் வசனத்துக்கு வெட்டுமுகம், இரண்டாவதற்கு மோட்டரும் எழும்பும் கூம்பும், மூன்றாவதற்கு வெளிறிய வெங்காயப் பாத்தி. "அவதானிக்கப்பட்டுள்ளது" என்பதற்கு என்ன படம் கீறுவது? கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து பார்ப்பதையா?

ஸ்கிரிப்டை நாங்கள் இரண்டு நிரலாக எழுதுவோம். இடப்பக்கம் காதுக்கு, வலப்பக்கம் கண்ணுக்கு. இடப்பக்கம் சொல்வதையே வலப்பக்கமும் எழுத்தாகக் காட்டினால் அது வீண். குரலில் வரும் வசனத்தை அப்படியே திரையிலும் போட்டுப் படத்தையும் ஓடவிட்டால் விளங்குவது குறையும் என்று ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல பரிசோதனைகள் செய்து காட்டியிருக்கிறார். கண் ஒரே நேரத்தில் வாசிக்கவும் படம் பார்க்கவும் முடியாமல் இழுபடும். முக்கியமான ஒன்றிரண்டு சொல்லை மட்டும் திரையில் விடலாம். சத்தமில்லாத இடத்துக்கும் காது கேளாதவருக்கும் வசன வரியைத் தனிக் கோப்பாகத் தருவோம்.

எந்தத் தமிழில் பேச வேண்டும்?

சண்டை வரும் கேள்வி. "நாங்கள் கதைக்கிற மாதிரியே இருக்கட்டும்" என்று இளையவர்களும், "பள்ளிக்கூடத்தில போடுறது, வடிவான தமிழ் வேணும்" என்று மூத்தவர்களும் ஒரே மேசையில் இருந்து சொல்வார்கள். எங்கள் முடிவு: கதை சொல்பவர் எழுத்துத் தமிழில், ஆனால் சின்ன வசனமாக. பாத்திரங்கள் வாய் திறந்தால் ஊர்ப் பேச்சில். மலையகத்துக்கும் மட்டக்களப்புக்கும் சேர்த்துப் போகும் வீடியோ என்றால் பாத்திரப் பேச்சையும் பொதுவாக்கிவிடுவோம். சென்னைத் தொலைக்காட்சித் தமிழை மட்டும் கேட்காதீர்கள். "கதைக்கிறம்" என்ற ஊரில் "பேசிட்டிருக்கோம்" என்றால் பிள்ளைகளே சிரிக்கும்.

ஸ்டோரிபோர்ட் பார்க்க வேண்டுமா? நேரே வீடியோவைக் காட்டுங்களேன்.

தயவுசெய்து பாருங்கள். எங்கள் காசும் உங்கள் காசும் தப்புவது அங்கேதான்.

ஸ்டோரிபோர்ட் என்பது காட்சிகளைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் பென்சிலால் கீறி வரிசையாக வைப்பது. 1930களில் டிஸ்னி ஸ்டூடியோவில் சுவரில் குத்தி வைத்துப் பார்க்கத் தொடங்கிய முறை, இன்னும் அதைவிட நல்லது ஒன்று வரவில்லை. 90 செக்கனுக்கு எங்களுக்கு 18 முதல் 25 பெட்டி வரும். இந்தக் கட்டத்தில் ஒரு காட்சியை மாற்றுவது அழிறப்பர் வேலை, 5 நிமிடம். அசைத்து முடித்த பிறகு அதே மாற்றம் 2, 3 நாள்.

அந்தப் பெட்டிகளைத் தற்காலிகக் குரலோடு நேரத்துக்கு ஒட்டி ஓடவிட்டால் அது அனிமாட்டிக். ஒன்றும் அசையாது, படம் மாறி மாறி வரும். பார்க்கச் சப்பென்று இருக்கும். ஆனால் எங்கே இழுக்கிறது, எங்கே அவசரப்படுகிறது என்பது அதில் அப்படியே தெரியும். அனிமாட்டிக்கில் அலுப்பாக இருக்கும் இடம் நிறம் போட்ட பிறகும் அலுப்பாகத்தான் இருக்கும்.

"சரி தம்பி, நல்லாயிருக்கு" என்று பார்க்காமலே பதில் போடுவோர் உண்டு. ஆகவே இப்போது நேரில் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, பெட்டி பெட்டியாக அவர்களையே கதை சொல்ல வைக்கிறோம்.

இணையத்தில் ஆயத்தப் படங்கள் மலிவாகக் கிடைக்கிறதே, அவற்றைப் போடலாமா?

ஐக்கன், அம்புக்குறி, மேகம் என்றால் போடலாம். ஆள், வீடு, நிலம் என்றால் யோசியுங்கள். கிணற்று வீடியோவின் முதல் வடிவத்தில் நேரம் போதாமல் பின்னணிக்கு ஆயத்தப் படம் ஒன்றை எடுத்துப் போட்டோம். பச்சை வயல், பின்னாலே மலை, நடுவே வளைந்து ஓடும் ஆறு. கோண்டாவிலில் ஒரு வயதான தோட்டக்காரரிடம் காட்டினோம். அவர் கிணற்றைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, உது எந்த ஊர்?"

"எங்கட ஊர்தான் ஐயா."

"எங்கட ஊரில எப்பயடா மலை வந்தது? உந்த ஆறு ஓடினால் நான் ஏன் மோட்டர் வைச்சு இறைக்கிறன்?"

அவர் கேட்ட கடைசிக் கேள்வியில் வீடியோவின் முழு வாதமும் உடைந்துபோனது. அன்றிரவே மலையை அழித்து, ஆற்றை அழித்து, பனை வரிசையும் கிடுகு வேலியும் செம்மண்ணும் கீறினோம். கப்பிக்குப் பக்கத்தில் ஒரு பழைய துலாவையும் நிறுத்தினோம். இரண்டாவது முறை அவர் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே குறை, வாளி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்பது. சரிதான், இப்போது யார் தகர வாளி வைத்திருக்கிறார்கள்.

படம் எப்படி அசைகிறது?

அசைவு என்பது அடுத்தடுத்து ஓடும் நிலைப் படங்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு பிரேம். இங்கே எங்கள் வீடியோக்கள் செக்கனுக்கு 25 பிரேம். 90 செக்கன் என்றால் 2,250 பிரேம். அத்தனையையும் கையால் கீறுவதில்லை. பொம்மலாட்டப் பொம்மை மாதிரி கை, முழங்கை, தலை, கண் எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாகக் கீறி, மூட்டுகளில் பொருத்துவோம். தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் கீபிரேமாகக் குறித்தால் இடையில் உள்ளவற்றை மென்பொருள் நிரப்பும்.

நிரப்பியதை அப்படியே விட்டால் செத்த அசைவு. வாளி தண்ணீரில் இருந்து மேலே வருவதைப் பாருங்கள். முதலில் கயிறு விறைக்கும், வாளி அசையாது. பிறகு ஒரு பக்கம் சரிந்து, தண்ணீரை விட மனமில்லாதது போல மெல்லக் கிளம்பும். விட்டதும் வேகமாக ஏறும், மேலே வந்து ஒருமுறை ஆடும், விளிம்பால் தண்ணீர் சிந்தும். ஒரே வேகத்தில் ஏற்றினால் அது லிப்ட். இந்த 3 செக்கனுக்கு எங்கள் ஆள் ஒரு பின்னேரம் முழுக்க இருந்தார், அதற்கு முன் வீட்டுக் கிணற்றில் 10 தரம் அள்ளிப் போனில் எடுத்துப் பார்த்தார்.

வாயசைவு வேண்டுமென்றால் வேலை கூடும். 8, 9 வாய் வடிவங்கள் கீற வேண்டும். ம, ப வரும் இடத்தில் உதடு கட்டாயம் மூடவேண்டும். "மழை" என்று சொல்லும்போது வாய் திறந்தே இருந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். செலவு குறைய வேண்டுமென்றால் பாத்திரம் பேசாமல், கதை சொல்பவர் மட்டும் பேசட்டும்.

குரல் பதிவுக்கு வந்து பார்க்கலாமா?

இரவு 11 மணிக்குப் பிறகு வரத் தயார் என்றால் வாருங்கள். பகலில் காகம், லொத்தர் ஓட்டோவின் ஒலிபெருக்கி, பின்னேரம் பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும் பாண்காரர். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நாங்கள் பதிவு வைப்பதே இல்லை. அறைச் சுவரில் மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்து ஒழுகிக்கொண்டுதான் அந்த இனிமையான குரல் பதிவாகிறது.

கொம்பியூட்டர் குரலைப் போட்டால் மலிவு இல்லையா?

மலிவுதான். மைக்ரோசொஃப்டின் செயற்கைக் குரல்களில் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்று இரண்டு இருக்கின்றன. அனிமாட்டிக்குக்கு நாங்களும் பாவிக்கிறோம். கடைசி வீடியோவுக்கு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். "உப்பு ஏறி வரும்" என்பதைப் பயத்தோடு சொல்வதா, கவலையோடு சொல்வதா என்று ஒரு மனிசரிடம் கேட்கலாம்.

முழு வீடியோவையும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுப்பதும் அதே மாதிரிதான். நாங்கள் முயன்ற மட்டில், முதல் காட்சியில் வந்த அம்மா மூன்றாம் காட்சியில் வேறு அம்மாவாக வந்தார், கடைப் பலகையில் தமிழ் மாதிரி ஏதோ ஒன்று எழுதியிருந்தது.

நாங்கள் தந்த எழுத்து திரையில் உடைந்து வருகிறதே?

பாமினி. எங்கள் ஊர்ப் பாதிக் கொம்பியூட்டர்களில் இன்னும் பாமினியில்தான் தட்டச்சு. அது யூனிகோட், அதாவது எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை, இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், தமிழ் போல் காட்டும் எழுத்துருவைப் போட்டிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடில் தாருங்கள், அல்லது நாங்கள் மாற்றிவிட்டு உங்களிடமே ஒப்புப்பார்க்கத் தருவோம். மாற்றும்போது எழுத்து விடுபடுவது உண்டு.

யூனிகோடிலும் ஒரு பொறி. சில மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் "கொ" என்பதில் கொம்பு கழன்று தவறான பக்கத்தில் நிற்கும். அதோடு, தமிழை எழுத்தெழுத்தாகப் பறந்துவர வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம். க் தனியாக, உ தனியாக வந்து சேரும் அழகு ஆங்கிலத்துக்குச் சரி. எங்களுக்குச் சொல் சொல்லாக வந்தாலே போதும்.

ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது?

90 செக்கனுக்கு 5, 6 கிழமை. ஸ்கிரிப்டும் ஸ்டோரிபோர்டும் 2 கிழமை, நிறமும் பாத்திரமும் 1 கிழமை, அசைவு 2 கிழமை, சத்தமும் திருத்தமும் மிச்சம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் நாள் இதில் சேராது.

ரெண்டரும், அதாவது செய்து முடித்த காட்சிகளைக் கொம்பியூட்டர் ஒவ்வொரு பிரேமாகக் கணக்கிட்டுப் படமாக்குவதும், நேரம் தின்னும். ஒரு பிரேமுக்கு 20 செக்கன் பிடித்தால் 2,250 பிரேமுக்கு பன்னிரண்டரை மணி நேரம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது பழகியது: ஒரே வீடியோக் கோப்பாக ரெண்டர் பண்ணாமல் ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாகச் சேமிப்பது. கரண்ட் போனால் 1,400ஆவது படத்தில் நிற்கும், வந்ததும் 1,401இல் இருந்து தொடரலாம்.

சினிமாப் பாட்டு ஒன்று பின்னால் போடலாமா?

முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. யூரியூபும் தானாகப் பிடித்துவிடும். உரிமம் வாங்கிய இசை போடுவோம், அல்லது ஒரு தவில்காரத் தம்பியைக் கூப்பிட்டு அரை நிமிடம் வாசிக்கச் சொல்லுவோம்.

எவ்வளவு முடியும்?

ஸ்கிரிப்டைப் பார்க்காமல் சொன்னால் அது பொய் விலை. எத்தனை பாத்திரம், வாயசைவு உண்டா, எத்தனை புதுப் பின்னணி, எத்தனை மொழி என்பவைதான் விலையைத் தீர்மானிக்கும். ஒரு பங்கு முற்பணம், ஸ்டோரிபோர்ட் ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, கோப்பு கையில் தரும்போது மிச்சம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு திருத்தம் விலைக்குள். ஒப்புக்கொண்ட கட்டத்துக்குத் திரும்பிப் போனால் தனிக் காசு. திருத்தங்களை ஒரே ஆள் சேர்த்துத் தாருங்கள்: நிர்வாகக் குழுவில் 7 பேரும் 7 குரல் செய்தி அனுப்பினால் அதில் இரண்டு ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும்.

சிங்களத்திலும் வேண்டும் என்றால்?

முதலே சொல்லுங்கள். படத்துக்குள் எழுத்தைக் குறைப்போம், வசனங்களுக்கு இடையில் ஒரு செக்கன் மூச்சு விடுவோம், குரலையும் இசையையும் தனித்தனியே வைத்திருப்போம். பிறகு குரலை மட்டும் மாற்றலாம். முடித்த பிறகு வந்து கேட்டால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

கடைசியில் எங்கள் கையில் என்ன தருவீர்கள்?

கிடைப் படம் ஒன்று, நிமிர்ந்த படம் ஒன்று, வசன வரிக் கோப்பு, முகப்புப் படம். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது நசித்துவிடும். நாங்கள் கஷ்டப்பட்டுக் கீறிய கிடுகு வேலி கஞ்சியாகத் தெரியும்.

மகன் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். இதைப் பழகலாமா?

பழகலாம், காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. பிளெண்டர், கிரிட்டா, இங்க்ஸ்கேப், ஓடாசிட்டி நான்கும் இலவசம். பிளெண்டருக்குள்ளேயே கையால் கீறி அசைக்க கிரீஸ் பென்சில் என்ற வசதி இருக்கிறது. முதல் மாதம் கொம்பியூட்டரைத் திறக்க விடாதீர்கள். ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை 8 பெட்டியில் கீறச் சொல்லுங்கள். கீறியதைக் கொண்டு சனிக்கிழமை பின்னேரம் வரட்டும், நாங்கள் இருப்போம். படியேறும்போது மூன்றாவது படி உடைந்திருக்கிறது, பார்த்து வரச் சொல்லுங்கள்.